படிக்கட்டை வரைந்தவள்

நான் வரைவதெல்லாம் ஆளில்லாத இடங்கள். காலியான வகுப்பறை, மருத்துவமனை நடைவழி, ரயில் போன பிறகு கிடக்கும் நடைமேடை. விஷுவல் நாவல் என்று ஒரு வகை விளையாட்டு இருக்கிறது. விளையாட்டு என்றாலும் அதில் ஓடுவதோ சுடுவதோ கிடையாது. திரையில் ஓர் இடம் தெரியும். அதன் நடுவில் ஒரு பாத்திரம் வந்து நிற்கும். அது பேசுவது கீழே ஒரு பட்டையில் எழுத்தாக வரும். கதையைப் படித்துக்கொண்டே போக வேண்டும், ஆங்காங்கே என்ன பதில் சொல்வது என்று தேர்ந்தெடுக்க வேண்டும். பாத்திரங்களை வரைபவர் வேறு ஆள். அவற்றுக்குப் பின்னால் தெரியும் இடத்தை, அனிமே எனப்படும் ஜப்பானியக் கார்ட்டூன் பாணியில், வரைந்து கொடுப்பது என் தொழில்.

பெங்களூரில் ஒரு நிறுவனத்தில் எட்டு வருடம் இதைச் செய்தேன். ஊரடங்கின்போது சொந்த ஊரான கடத்தூருக்கு வந்தவன் திரும்பிப் போகவில்லை. வீட்டின் மாடி அறையில் மேசை போட்டு, வெளிநாட்டுக் குழுக்களுக்கு நேரடியாக வரைந்து அனுப்ப ஆரம்பித்தேன். ஊரில் கேட்பவர்களிடம் கம்ப்யூட்டர் வேலை என்று சொல்லிவிடுவேன். ஜப்பானை நான் பார்த்ததில்லை. ஆனால் அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் கரும்பலகைக்கு எந்தப் பக்கம் ஜன்னல் இருக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். இந்த வட்டாரத்தில் இந்த வேலை தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்ற நினைப்பு எனக்கு நிறையவே இருந்தது. யாரிடமும் காட்டிக்கொள்ள முடியாத பெருமை என்பதால் அது உள்ளுக்குள்ளேயே வளர்ந்திருந்தது.

என் மனைவி ஏரியூர்ப் பக்கத்துப் பெண். கல்யாணத்துக்கு முன் பாப்பாரப்பட்டியில் ஒரு தனியார் பள்ளியில் மூன்று வருடம் கணக்கு டீச்சராக இருந்தாள். மகள் பிறந்த பிறகு வேலைக்குப் போகவில்லை. நான் என்ன வரைகிறேன் என்று எட்டிப் பார்ப்பாள், "நல்லாருக்குதுங்க" என்பாள், துணி காயப்போடப் போய்விடுவாள். அவள் அதற்கு மேல் எதையாவது பார்த்தாள் என்று நான் நினைத்ததே இல்லை.

ஒரு வெளிநாட்டுக் குழுவின் பள்ளிக்கூடக் கதைக்கு இருபது இடங்கள் வரைந்து கொடுக்க ஒப்புக்கொண்டிருந்தேன். ஒவ்வொன்றும் பகல், மாலை, இரவு என்று மூன்று விதமாக வேண்டும். பாதி முடிந்திருந்தபோது வலது மணிக்கட்டில் வலி எடுத்தது. தர்மபுரியில் டாக்டர் பார்த்துவிட்டு, மூன்று வாரம் வரையும் பேனாவைத் தொடக்கூடாது என்று கட்டுப் போட்டு அனுப்பினார். வீட்டுக்கு வந்து மேசை முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தேன். அவள் டீ கொண்டுவந்து வைத்தாள்.

"மிச்சம் என்னங்க இருக்குது?"

"பகல்ல வரைஞ்சத சாயங்காலமா மாத்தணும். அப்பறம் புதுசா எட்டு எடம்."

"கலர் மாத்தறது தானுங்களே. காட்டுங்க, நான் பண்றேன்."

"அது அவ்ளோ சுளுவு இல்ல."

"எட்டாங்கிளாஸ் பசங்களுக்கு அல்ஜீப்ரா ஏத்தியிருக்கறேன். இதையும் பாத்துக்கலாம், காட்டுங்க."

காட்டினேன். வேறு வழி இருக்கவில்லை. மகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு வந்து உட்காருவாள். நான் பக்கத்தில் நாற்காலி போட்டுக்கொண்டு, இடது கையால் திரையைத் தொட்டுத் தொட்டுச் சொல்லிக் கொடுத்தேன். ஒரு படம் பல லேயர்களாக, கண்ணாடித் தாள்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்ததுபோல இருக்கும் என்று சொன்னேன். நடுவில் பாத்திரம் வந்து நிற்கும், அதனால் பார்க்க வேண்டிய விஷயமெல்லாம் ஓரத்தில்தான் இருக்க வேண்டும் என்றேன். தரையின் கோடுகளும் கூரையின் கோடுகளும் தூரத்தில் ஒரே புள்ளியில் போய்ச் சேர வேண்டும் என்று சொன்னபோது சிரித்தாள்.

"இணைகோடு சேரவே சேராதுன்னு மூணு வருசமா சொல்லிக் குடுத்தனுங்க. இங்க சேர்றது தான் கணக்கா?"

அந்தப் பாடம் எனக்குப் பிடிபட ஒரு வருடம் ஆனது. அவள் அன்று மதியத்துக்குள் பிடித்துக்கொண்டாள். அப்போது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. நல்ல மாணவி கிடைத்த வாத்தியாரின் சந்தோஷம்.

அந்தச் சந்தோஷம் கெட்டது ஆசிரியர்கள் அறைப் படத்தில். பகல் படம் நான் வரைந்தது. மேசைகள் வரிசையாக, நாற்காலிகள் நேராக, அடுக்கிய நோட்டுப் புத்தகங்கள், சுத்தமான அறை. அதை மாலை வெளிச்சத்துக்கு மாற்றுவது மட்டும்தான் அவள் வேலை. முடித்துவிட்டுக் கூப்பிட்டாள். வெளிச்சம் சரியாக விழுந்திருந்தது. ஆனால் ஓரத்தில் இரண்டு நாற்காலிகளைக் கொஞ்சமாகத் திருப்பி, ஒன்றை ஒன்று பார்க்கிற மாதிரி வைத்திருந்தாள். ஒரு நோட்டுக் கட்டின்மேல் மூடி போடாத சிவப்புப் பேனா கிடந்தது.

"சேரை ஏன் நவுத்துன? நேரா வை."

"நேரா இருந்தா யாருமே ஒக்காராத சேருங்க அது. நாலு மணிக்கு பெல் அடிச்சதும் ரெண்டு டீச்சருங்க இப்பிடித் தான் திரும்பி ஒக்காந்து பேசுவாங்க. பேசிட்டு அப்பிடியே எந்திரிச்சு போயிருவாங்க."

அன்று அனுப்பியாக வேண்டும் என்பதால் அப்படியே அனுப்பினேன். மறுநாள் அந்தக் குழுவின் தலைவியிடமிருந்து கடிதம் வந்தது. இதுவரை வந்ததிலேயே இதுதான் சிறந்த படம், இந்த அறையில் ஆட்கள் இப்போதுதான் இருந்துவிட்டுப் போன மாதிரி இருக்கிறது, உங்கள் கை மாறியிருக்கிறது, மீதியையும் இதே கையால் வேண்டும் என்று எழுதியிருந்தார்.

நான் நன்றி என்று பதில் எழுதினேன். யாருடைய கை என்று எழுதவில்லை. மனைவியிடம், "ஓகே சொல்லிட்டாங்க" என்று மட்டும் சொன்னேன்.

பத்து வருடத்துக்கு மேல் இந்த வேலையில் இருக்கிறேன். யாரும் எனக்கு அப்படி ஒரு வரி எழுதியதில்லை. நேரத்துக்குக் கொடுப்பவர், தவறில்லாமல் கொடுப்பவர் என்று எழுதியிருக்கிறார்கள். அந்தக் கடிதத்தை நான் திரும்பத் திரும்பப் படித்தேன். ஒவ்வொரு தடவையும், அதை என்னைப் பற்றியது என்று நினைத்துப் படிக்கப் பார்த்தேன். முடியவில்லை.

அதற்குப் பிறகு நல்ல இடங்களை அவளுக்குக் கொடுக்காமல் வைத்துக்கொண்டேன். கட்டு பிரித்தாயிற்று, மாடியிலேயே அவளுக்கும் ஒரு மேசை போட்டாயிற்று. செர்ரி மரத் தெரு, மொட்டை மாடி, ஏரிக்கரை எல்லாவற்றையும் நான் எடுத்துக்கொண்டு, யாரும் நின்று பார்க்க மாட்டார்கள் என்று நினைத்த இடங்களை அவளிடம் தள்ளினேன். அப்படித் தள்ளியதுதான் பள்ளிக்கூடத்தின் படிக்கட்டு. கதையில் இரண்டு நிமிடம் வந்து போகிற இடம்.

அவள் அதற்கு நான்கு நாள் எடுத்துக்கொண்டாள். படிகளின் நடுப்பகுதி தேய்ந்து கொஞ்சம் பளபளத்தது. கைப்பிடியில், திரும்புகிற இடத்தில் மட்டும் பெயின்ட் போயிருந்தது. எல்லாப் பிள்ளைகளும் அங்கேதான் பிடித்துத் திரும்புவார்கள். மேலே ஜன்னலிலிருந்து வந்த வெயில் மூன்று படி இறங்கி நின்றிருந்தது. அவ்வளவுதான். வேறு ஒன்றும் இல்லை. நான் பின்னால் நின்று பார்த்தேன். "பச்சை கொஞ்சம் தூக்கலா இருக்குது" என்றேன். அவள் பச்சையைக் குறைத்தாள். இப்போது சரியா என்று கேட்டாள். "ம்" என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கிப் போனேன்.

கீழே அம்மா தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "அவ ஒக்காந்தா ஒக்காந்தது தான். நீதாண்டா நாலு தபா எறங்கி வர" என்றார். அம்மா அதில் ஒன்றும் வைத்துச் சொல்லவில்லை. ஆனால் அன்று முழுக்க அந்தப் பேச்சு என்னை விட்டுப் போகவில்லை.

நான் செய்ததிலேயே மோசமான காரியம் அடுத்த வாரம் நடந்தது. ஜப்பானியப் பள்ளிகளில் உள்ளே நுழையும் இடத்தில் பிள்ளைகள் செருப்பைக் கழற்றி வைக்க வரிசையாகச் சிறு சிறு அலமாரிகள் இருக்கும். அந்த இடத்தையும் அவள்தான் வரைந்தாள். அதில் ஒரே ஓர் அலமாரிக் கதவு முழுசாக மூடாமல் இருந்தது. உள்ளேயிருந்து ஒரு குடையின் நாடா தொங்கியது. தரையில், அதற்கு நேர் கீழே, நாலைந்து சொட்டுத் தண்ணீர். அவள் மகளைப் பள்ளியிலிருந்து கூட்டிவரப் போயிருந்த நேரம், நான் அந்தப் படத்தின் கோப்பைத் திறந்தேன். அந்தக் கதவும் நாடாவும் தண்ணீரும் ஒரே லேயரில் இருந்தன. அதை மறைத்தேன். அலமாரிகள் எல்லாம் ஒழுங்காக மூடிக்கொண்டன. நான் வரைவது போலவே ஆகிவிட்டது. அப்படியே அனுப்பினேன்.

இரண்டு நாள் கழித்து அவள் கேட்டாள். "அந்தக் கொடை லேயர் ஆஃப்ல இருக்குது. நீங்க பண்ணீங்களா?"

"அவங்க தான் வேணாம்னாங்க."

"ஓ. அவங்களுக்குப் புடிக்கலீங்களா?"

"கதைக்கு ஒத்து வரலையாம்."

அவள் தலையாட்டினாள். அடுத்த படத்தில் அப்படி எதையும் சேர்க்கவில்லை. என்னிடம் வந்து, "இது போதுங்களா, இல்ல அவங்களுக்கு இன்னும் சிம்பிளா வேணுமா?" என்று கேட்டாள். அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். போதும் என்றேன்.

விளையாட்டு வெளிவந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் இருவரும் உட்கார்ந்து பார்த்தோம். மகள் அவள் மடியில் இருந்தாள். விளையாடியவர்கள் இணையத்தில் எழுதியிருந்ததை அவள் வாசித்துக் காட்டினாள். அந்தப் படிக்கட்டு வந்ததும் அடுத்த வரிக்குப் போகாமல் பார்த்துக்கொண்டே இருந்தேன் என்று ஒருவர். தன் பள்ளிக்கூடப் படிக்கட்டு ஞாபகம் வந்தது என்று இன்னொருவர், அவர் எந்த நாட்டுக்காரரோ. என் செர்ரி மரத் தெருவைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை. அவள் கடைசியில் உழைத்தவர்கள் பட்டியல் வரும் வரை காத்திருந்தாள்.

"நம்ம பேரு எங்கங்க வருது?"

வந்தது. பின்னணி ஓவியம் என்பதற்கு நேராக என் பெயர் மட்டும் இருந்தது. அவள் பட்டியல் முடியும் வரை பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மகளை இறக்கிவிட்டு எழுந்தாள்.

"சின்னதா போட்டிருந்தாக்கூடப் போதும்" என்றாள். குரலில் கோபம் இல்லை. உள்ளே போய் அரிசி களைய ஆரம்பித்தாள்.

சில மாதங்கள் கழித்து அதே குழு அடுத்த விளையாட்டை அறிவித்தது. இந்த முறை பின்னணி ஓவியர் வேலைக்கு எல்லோரும் விண்ணப்பிக்கலாம். ஒரே ஒரு படம் அனுப்ப வேண்டும். உங்கள் ஊரில் ஒரு பஸ் நிறுத்தம், மழைக்குப் பிறகு, அனிமே பாணியில். முன்பு செய்தவற்றிலிருந்து சில மாதிரிகளையும் இணைக்க வேண்டும். எனக்குத்தான் கிடைக்கும் என்று நினைத்தேன். அவர்களோடு வேலை செய்தவன் நான்.

அன்று அவள் தன் அம்மாவோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். அவள் வீட்டில் கன்னடம் பேசுவார்கள். எங்கள் வீட்டில் தாத்தா காலத்தோடு அது போய்விட்டது. அதனால் எனக்குப் புரியாது என்று அவள் நினைப்பாள். எட்டு வருடம் பெங்களூரில் இருந்தவனுக்கு அவ்வளவு புரியாமலா போகும். தனக்கும் அந்தப் படத்தை அனுப்ப ஆசையாக இருக்கிறது, ஆனால் தான் வரைந்தாலே என் முகம் சுருங்கிவிடுகிறது, அதனால் என்னைக் கேட்டுவிட்டுத்தான் அனுப்பப்போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் சத்தமில்லாமல் படியேறி மாடிக்குப் போய்விட்டேன். இவளுக்கு ஒன்றும் தெரியாது என்று நான் நம்பிக்கொண்டிருந்திருக்கிறேன்.

மாலையில் வந்து கேட்டாள். "நானும் ஒண்ணு அனுப்பட்டுங்களா?"

"அனுப்பேன். நான் என்ன புடிச்சா வெச்சிருக்கறன்?"

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு, "சரிங்க" என்றாள்.

நான் கடத்தூர் பஸ் நிலையத்தைப் படம் எடுத்துவந்து வரைந்தேன். எனக்குத் தெரிந்த அத்தனையையும் அதில் கொட்டினேன். நனைந்த தார் ரோட்டில் வானம் தெரிந்தது. மேகங்களுக்கு ரோஸ் நிறத்தில் விளிம்பு வைத்தேன். நடுவில், முன்விளக்கு எரிய, ஒரு பச்சை பஸ் வந்து நின்றது. அந்த பஸ்ஸுக்கு மட்டும் ஒரு வாரம் ஆனது. முடித்ததும் நீண்ட நாளைக்குப் பிறகு நிம்மதியாக இருந்தது.

அவள் பாப்பாரப்பட்டியை வரைந்தாள். மூன்று வருடம் சாயங்காலம் பஸ்ஸுக்கு நின்ற இடம். அதைப் பார்க்க அவள் போகக்கூட இல்லை. இடது ஓரத்தில் ஒழுகும் நிழற்குடை, அதன் கீழே ஒரு சிமென்ட் பெஞ்சு. பெஞ்சு முழுக்க நனைந்திருந்தது, ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு மட்டும் காய்ந்த இடம். மறுபக்கம் ஷட்டரைப் பாதி இறக்கிய டீக்கடை. நடுவில் வெறும் ரோடு. அவ்வளவுதான். அந்தக் காய்ந்த இடத்தைப் பார்த்ததும் எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. நான் தோற்றுவிட்டேன் என்று முடிவு வருவதற்கு முன்பே தெரியும்.

குழுத் தலைவியின் கடிதம் எனக்கு வந்தது. தனியாகப் பார்த்தால் மிக நல்ல ஓவியம், ஆனால் நடுவில் பஸ் நிற்கிறது, எங்கள் கதாநாயகி எங்கே நிற்பாள் என்று கேட்டிருந்தார். முதல் நாள் நான் என் மனைவிக்குச் சொல்லிக் கொடுத்த பாடம் அது. கடிதம் அதோடு முடியவில்லை. உங்கள் மனைவி அனுப்பிய மாதிரிகளில் எங்கள் விளையாட்டில் வந்த படிக்கட்டு இருக்கிறது. கணவரோடு சேர்ந்து செய்தது என்று குறிப்பிட்டிருக்கிறார். அது உங்கள் படம் என்று நினைத்திருந்தோம். அவரைத் தேர்ந்தெடுக்கும் முன், எதை யார் வரைந்தது என்று நீங்கள் தெளிவாக எழுதினால் நல்லது என்று முடித்திருந்தார்.

அன்று காலை முழுக்க நான் பதில் எழுதவில்லை. படிக்கட்டு என்னுடையது, அவள் உதவி செய்தாள் என்று ஒரு வரி எழுதினால் போதும். அவர்கள் என்னை நம்புவார்கள். எழுதியும் பார்த்தேன். திரையில் அந்த வரி இருந்தது. அதை அப்படியே விட்டுவிட்டு, வண்டியை எடுத்துக்கொண்டு பொம்மிடி ரோட்டில் கொஞ்ச தூரம் போனேன். ஒரு மரவள்ளிக் காட்டோரம் நிறுத்தி நின்றேன். சேர்ந்து செய்தது என்று அவள் எழுதியிருப்பதை நினைத்தேன். பச்சையைக் குறைக்கச் சொன்னதைத் தவிர நான் அதில் ஒன்றும் செய்யவில்லை. எனக்கு எதிராக ஒரு வார்த்தை எழுதியிருந்தாலாவது பரவாயில்லை. என் பங்கையும் சேர்த்து எழுதியிருக்கிறாள். அதற்காகவும் அவள்மேல் எரிச்சல் வந்தது.

திரும்பி வந்து அந்த வரியை அழித்தேன். அவள் வரைந்த ஏழு இடங்களையும் பட்டியல் போட்டேன். ஆசிரியர்கள் அறையின் மாலைப் படம், படிக்கட்டு, மற்றவை. ஏழாவதாகச் செருப்பு அலமாரி. அதில் அவள் வரைந்த குடையை நான் மறைத்து அனுப்பிவிட்டேன் என்று எழுதி, அசலையும் இணைத்து அனுப்பினேன். ஏன் மறைத்தேன் என்று எழுதவில்லை. அவரும் கேட்கவில்லை.

வேலை அவளுக்குக் கிடைத்தது. "உங்களாலங்க" என்றாள். நான் எழுதிய அந்தக் கடிதத்தைப் பற்றி அவளிடம் சொல்லவில்லை. சொல்ல நினைத்தேன், நாள் தள்ளிக்கொண்டே போனேன். பழைய விளையாட்டைப் புதுப்பித்தபோது அவர்கள் அவள் பெயரையும் சேர்த்திருந்தார்கள், அலமாரிப் படத்தையும் மாற்றியிருந்தார்கள். அதை அவளே பார்த்துவிட்டாள். நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"கொடை வந்திருக்குதுங்க."

நான் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அவங்க வேணாம்னு சொல்லலீங்க, இல்லீங்களா?"

"இல்ல."

"நீங்க தான்."

"ஆமா."

"எனக்குத் தான் ஒண்ணும் தெரியலன்னு நெனச்சு, அதுக்கப்பறம் எதையுமே போடாம விட்டுட்டனுங்க. ரெண்டு படம் அப்பிடிக் கெட்டுப் போச்சு" என்றாள். குழம்பு ஊற்றினாள். "நாளைக்கு என் மேசைய கீழ எறக்கிக் குடுங்க. நீங்க பின்னால நின்னு பாக்கறீங்க. எனக்குக் கை வரமாட்டேங்குது."

மறுநாள் இறக்கிக் கொடுத்தேன். அம்மா, எதற்கு என்று கேட்டார். மாடியில் வெக்கை என்று அவள்தான் சொன்னாள்.

இப்போது அவள் கீழே வரைகிறாள், நான் மேலே வரைகிறேன். எனக்கு வேறு ஒரு குழு கிடைத்திருக்கிறது. மருத்துவமனைக் கதை, நிறைய நடைவழிகள். இரண்டு மூன்று வாரங்களுக்கு ஒருமுறை அவள் என்னைக் கூப்பிட்டு மேகம் கேட்பாள். மேகம் எனக்கு நன்றாக வரும், அது அவளுக்கும் தெரியும். வரைந்து கொடுப்பேன். சில சமயம், "கொஞ்சம் தூக்கலா இருக்குதுங்க" என்பாள். குறைத்துக் கொடுப்பேன். பொறாமை போய்விட்டது என்று எழுத ஆசைதான். போகவில்லை. அவள் திரையைக் கடந்து போகும்போதெல்லாம் முதலில் தவறு ஏதாவது இருக்கிறதா என்றுதான் என் கண் தேடுகிறது. பிறகுதான் படத்தைப் பார்க்கிறேன்.

போன மாதம் அவள் அறைக்கு இன்வெர்ட்டர் மாட்ட ஒருவர் வந்தார். வேலை முடித்துவிட்டு, அவள் திரையில் இருந்த ஒரு கடைவீதிப் படத்தைக் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார்.

"இதெல்லாம் நம்ம வூட்டுலயே வரையறதுங்களா? கேமுக்கா?" என்று என்னிடம் கேட்டார்.

"ஆமாங்க."

"அவங்க எங்க கத்துக்கிட்டாங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் திரும்பாமலே சொன்னாள். "இவரு தாங்க எல்லாம் சொல்லிக் குடுத்தது."

அவர் என்னைப் பார்த்து மரியாதையாகத் தலையாட்டினார். நான் அவரோடு வாசல் வரை போனேன். அவ்வளவு சுலபமாக அதைச் சொல்ல அவளால் முடிகிறது. அதே போல ஒரு வரியை அவளைப் பற்றிச் சொல்ல எனக்கு இரண்டு வருடமும் ஒரு கடிதமும் தேவைப்பட்டன. மாடிக்குப் போய் உட்கார்ந்தேன். அதற்குப் பிறகும் வெகு நேரம் எனக்கு வேலை ஓடவில்லை.